பப்பாசியின் இருபால் மரங்கள்

பல மாதங்களாக நீரும் பசளையும் இட்டு வளர்த்த பப்பாசி காய்க்காத ஆண் மரமாயின், கமக்காரருக்கு நட்டமே. பப்பாசியில் ஆண், பெண், இருபால் என மூவகை மரங்கள் உண்டு. நாற்றுப் பருவத்தில் இவற்றைக் கண்ணால் வேறுபடுத்தல் இயலாது. பூக்கும் வரை காத்திருத்தல் வேண்டும்.

பூக்கள்: ஆண் மரத்தின் சிறு பூக்கள் நீண்டு தொங்கும் காம்புகளிற் கொத்தாகத் தோன்றும். பெண் மரத்தின் பெரிய பூக்கள் தண்டை ஒட்டி மலரும். அவற்றில் மகரந்தம் இல்லை. இருபால் மரத்தின் பூவிலோ கேசரங்களும் சூலகமும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆதலின் அது வேறு மரத்தின் துணையின்றியே காய்க்கும். பெண் மரத்தின் உருண்டைக் காயிலும் பார்க்க இதன் நீண்ட காயில் உட்குழி சிறியது, சதை தடித்தது.

விதை: இருபால் பூவை மலருமுன் கடதாசிப் பையால் மூடி, தன் மகரந்தத்தாற் காய்க்கச் செய்து, அக்காயின் விதைகளை எடுத்தல் வேண்டும். அவ்விதைகளுள் மூன்றில் இரு பங்கு இருபால் மரங்களாகவும், ஒரு பங்கு பெண் மரங்களாகவும் வளரும். ஆண் மரம் தோன்றாது.

நடுகை: குழிக்கு 3 நாற்றுக்கள் நடுக. இவ்வாறு நட்டால், சராசரியாக 27 குழிகளுள் 26 இல் ஓர் இருபால் மரமேனும் கிடைக்கும். பூத்ததும் அதனை நிறுத்தி, ஏனையவற்றை வெட்டி அகற்றுக.