புது லென்ஸ், பழைய கேமரா

நிக்கான் எஃப் கேமரா 1959-இல் வந்தது. அதன் லென்ஸ் பொருத்தும் வளையத்தின் அளவையே நிக்கானின் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்களும் பின்பற்றின. அதனால் புது லென்ஸ்கள் பல, பழைய ஃபிலிம் கேமராவிலும் மாட்டிக்கொள்ளும். படம் சரியாக விழுமா என்பது வேறு கதை.

'ஜி' வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமராவில் மாட்டினால், கண்ணை வைத்துப் பார்க்கும்போது வெளிச்சமாகத்தான் தெரியும். கிளிக் செய்யும் நொடியில் துவாரம் முழுக்கச் சுருங்கிவிடும். நல்ல வெயிலில் வேண்டுமானால் சமாளிக்கலாம். எஃப்100 ஃபிலிம் கேமரா வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேமராவிலேயே அப்பர்ச்சரை மாற்றலாம்.

'டிஎக்ஸ்' லென்ஸ்கள் ஏறக்குறைய 24-க்கு 16 மில்லிமீட்டர் சென்சாருக்காகப் பிறந்தவை. ஃபிலிமோ 36-க்கு 24. பெரும்பாலும் மூலைகள் இருண்டுவிடும். சிலருக்கு அந்த இருட்டே பிடித்தும் போகிறது!