தொழிற்குழு ஆட்சிமுறையும் அதன் வகைகளும்

ஊர்வாரியாக வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கும் முறையை ஐக்கிய சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர். மிராசுதார், வியாபாரி, தொழிலாளர் எனத் தொழில்வாரியாகக் குழுக்களை அமைத்து, அவற்றின் வாயிலாக அரசாங்கத்தை நடத்தும் முறையும் உண்டு. இதனைத் தொழிற்குழு முறை என்பர். மேல்நாட்டார் கார்ப்பரேட்டிசம் என்பர். பெரிய கம்பெனிகளின் ஆட்சி என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு.

இதன் சாயல் நாஞ்சில் நாட்டிற்குப் புதிதன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலூகாக்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தபோது, 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்பட்டது. நிலமுடையோரும் வியாபாரிகளுமே அதில் முக்கிய இடம் பெற்றனர். குறைகளை விண்ணப்பித்துக் கொள்ளலாமேயன்றிச் சட்டமியற்றும் அதிகாரம் அதற்கில்லை. வயலில் உழைத்த புலையர்களின் தலைவராகிய அய்யன்காளி அச்சபையில் அமர்ந்தது சில ஆண்டுகள் கழித்தே, அதுவும் நியமனத்தினால்.

இம்முறையை முழு வடிவில் நிறுவ முயன்றது முசோலினியின் இத்தாலி. அங்கே 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தொழிலிலும் முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளிகளுக்கு ஒன்று என அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்றே இருக்கலாம். வேலைநிறுத்தமும் கதவடைப்பும் விலக்கப்பட்டன. 1934-இல் 22 தொழிற்குழுக்கள் அமைந்தன. தானியத்திற்கென்றே ஒரு குழு இருந்தது. நிலமுடையோரும் கூலியாட்களும் ஒரே பலகையில் சமமாக அமர்வர் என்பது அதன் பேச்சு. ஆயின் தொழிலாளர் சங்க அதிகாரிகள் கட்சியின் தயவில் இருந்தமையால், 1927-லும் 1930-லும் கூலி குறைக்கப்பட்டபோது மறுத்துரைக்க ஆளில்லை. நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுப்புக்கூலியைப் பேச வருபவரை நிலக்காரரே பொறுக்கி அனுப்பினால் எப்படியிருக்குமோ, அப்படியே.

சுவீடன் தேசத்து வகை வேறு. அங்கே 1938-இல் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களின் சம்மேளனமும், சர்க்கார் தலையிடாமலே, சால்ட்ஷேபாடன் என்னும் ஊரில் உடன்படிக்கை செய்துகொண்டு, வழக்குகளைத் தீர்க்கும் முறையை வகுத்தன. அச்சங்கங்களின் தலைவர்களை நியமித்தவர் அங்கத்தினரே. வேலைநிறுத்த உரிமையும் அழியவில்லை.

ஆகவே குழுவின் பெயரைக் காட்டிலும் அதன் தலைவரை யார் அமர்த்துகின்றனர், யார் நீக்கலாம் என்பதே பெரிது. இது ஐக்கிய சங்கங்களுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 1976-லும் 2001-லும் தெரிந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் சட்டப்படி நியமிக்கப்பட்டனர். பங்குப் பணம் அங்கத்தினருடையது. கையெழுத்து மாத்திரம் சர்க்காருடையதாயிற்று.