பாதி விலைக்கு ஒரு வேன்! என்ஜின் மட்டும் இல்லை!
வாங்கலாமா? கூடாதா? ஒரு குடும்பக் கணக்கு

காலை 5 மணி.

ஒரகடம் நாற்சந்தி. ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோவில் சாலையும், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. இருட்டு இன்னும் விலகவில்லை. அதற்குள் சாலை விழித்துக் கொண்டு விட்டது. பஸ்கள், வேன்கள்! எல்லாவற்றிலும் ஆட்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

இந்த வேன்களைப் பார்க்கும்போது ஓர் ஆசை வருகிறது. "நமக்கும் ஒரு வேன் இருந்தால்?" என்ற ஆசை!

ஆசை வந்தால் கையில் உள்ள பணம் ஞாபகத்துக்கு வரும். பணம் குறைவு. அப்போதுதான் ஒருவர் வந்து காதில் சொல்லுவார்:

"தம்பி! ஒரு வேன் இருக்கிறது. பாதி விலை. என்ஜின் மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் தங்கம்!"

மாற்ற வேண்டியது என்ஜின் "மட்டும்"தானா? அதை இன்று பார்ப்போம்.

கார்கள் பிறக்கும் ஊர்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிப் பாசன பூமி. இன்று கார்கள் பிறக்கும் பூமி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. (2025-ல் நிசானின் பங்கு முழுவதையும் ரெனால்ட் வாங்கிக் கொண்டது.) 2012-ல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை வந்தது.

இதே ஒரகடத்தில் ஒரு வேனும் பிறந்தது. அதன் பெயர் நிசான் எவாலியா. 2012-ல் விற்பனைக்கு வந்தது. 2013-ல் அதையே சிறிது மாற்றி, அசோக் லேலண்டு "ஸ்டைல்" என்ற பெயரில் விற்றது. 7 பேர், 8 பேர் உட்காரலாம். பக்கக் கதவைத் தள்ளித் திறக்கலாம்.

ஆனால் எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2015-ல் ஸ்டைல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. எவாலியாவும் அந்தச் சமயத்திலேயே விடை பெற்றது.

ஆகவே, அந்த வேன்கள் எல்லாம் இன்று பத்து வயதைத் தாண்டியவை. ஓடி ஓடிக் களைத்தவை. "என்ஜின் போய்விட்டது, பாதி விலை" என்ற பேச்சு இந்த வயது வண்டிகளில்தான் வரும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேன் நின்று போனாலும், அதன் என்ஜின் அநாதை அல்ல! அது ரெனால்ட்டின் 1.5 லிட்டர் டீசல் என்ஜின். "கே9கே" என்று பெயர். டஸ்டர், சன்னி, மைக்ரா கார்களிலும் இந்த இனத்து என்ஜின்தான். வெளிநாட்டில் மெர்சிடிஸ் கார்களில் கூட இதைப் பொருத்தினார்கள்! அதனால் என்ஜின் சாமான் தேடிக் கிடைக்கும். ஆனால் கதவு, கண்ணாடி, விளக்கு முதலியவை அந்த வேனுக்கே உரியவை. அவற்றுக்குத்தான் அலைய வேண்டி வரும்.

நின்று போன வண்டியை வாங்குகிறவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

கணவனும் மனைவியும்

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

கணவர் ஒரு கம்பெனி வேனுக்கு டிரைவர். மனைவி தையல் வேலை செய்கிறார். இரண்டு குழந்தைகள். மனைவியிடம் நான்கு சவரன் சங்கிலி ஒன்று. பெண் குழந்தைக்கென்று வைத்திருப்பது.

"ஓடுகிற வண்டி 2 லட்சத்து 80 ஆயிரம் சொல்கிறார்கள். இது 1 லட்சத்து 20 ஆயிரம்தான். சங்கிலியை அடகு வைத்தால் வாங்கி விடலாம்" என்கிறார் கணவர்.

"என்ஜின் ஏன் போச்சுங்க?" என்று கேட்கிறார் மனைவி.

கணவருக்குப் பதில் தெரியவில்லை.

முதல் கேள்வி அதுதான்!

என்ஜின் சாவதற்குக் காரணம்

"என்ஜின் போச்சு" என்று சொல்வது எளிது. எது போச்சு?

தண்ணீர் குறைந்து, சூடு ஏறி, கேஸ்கட் எரிந்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மோர் போல வெளுத்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆயில் இல்லாமல் ஓட்டி, பேரிங் தேய்ந்திருக்கலாம். அடியில் ஆயிலை வடித்துப் பார்த்தால் உலோகத் தூள் மின்னும்.

டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த என்ஜினில் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வு மேலே பிஸ்டன் மோதும். வால்வு வளையும். அப்போது மேல் பாகமான ஹெட்டை வேலை பார்த்தாலே சில வண்டிகள் பிழைத்துக் கொள்ளும். முழு என்ஜினும் தேவைப்படாது!

ஆகவே, வாங்கும் முன்பு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவருடைய மெக்கானிக் வேண்டாம். கூலி கொடுத்து, ஹெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். "திறக்கக் கூடாது" என்று விற்பவர் சொன்னால், கும்பிட்டு விட்டு வந்து விடுங்கள்.

ஓடாத வண்டி பேசாது

இன்னொரு விஷயம். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

என்ஜின் ஓடாவிட்டால் மற்ற எதையும் சோதிக்க முடியாது! கியர் சரியாக விழுகிறதா? கிளட்ச் வழுக்குகிறதா? ஏ.சி. குளிர்கிறதா? ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? எதுவும் தெரியாது. புது என்ஜினைப் போட்டு, சாவியைத் திருப்பிய பிறகுதான் தெரியும்.

"மற்றதெல்லாம் தங்கம்" என்றாரே? அந்தத் தங்கத்தை உரைத்துப் பார்க்க வழியே இல்லை!

பார்க்க முடிவது ஒன்று: துரு. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அடித்தகடு உளுத்திருந்தால், அந்த வண்டிக்குப் புது என்ஜின் வீண்.

மூன்று வழிகள்

என்ஜின் மாற்றுவதில் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: பழையதையே இறக்கி, லேத் பட்டறையில் கொடுத்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது. வேலை நன்றாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். நாள் பிடிக்கும்.

இரண்டு: கம்பெனியின் புது என்ஜின். கவலை குறைவு. ஆனால் பழைய வேனின் விலையை அது விழுங்கி விடும்.

மூன்று: விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றிய என்ஜின். விலை மலிவு. ஆனால் அது எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று யார் கண்டார்? ஒரே இனத்து என்ஜினிலும் பல வகைகள் உண்டு. ஒயரும் டர்போவும் ஒத்துப் போக வேண்டும். எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பில் இல்லாத என்ஜினைத் தொடவே கூடாது. அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்!

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சேஸிஸ் எண். மற்றது என்ஜின் எண். என்ஜினை மாற்றினால் எண் மாறும். மாறியதை எழுதாமல் விட்டால், எஃப்.சி.யிலும் இன்சூரன்சிலும் தகராறு வரும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, என்ஜின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பே அங்கே போய்க் கேட்டு விடுவது புத்திசாலித்தனம்.

மேலும் சில:

* வண்டி மீது கடன் இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வேண்டும்.

* அபராதம் பாக்கி உண்டா? வரி, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா? அரசின் "பரிவாகன்" இணையதளத்தில் பார்க்கலாம்.

* சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். 2012-ல் பதிவான வேனுக்கு 2027-ல் புதுப்பிக்கும் செலவு வரும்.

* வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. அதற்குப் பெர்மிட்டும் மஞ்சள் போர்டும் வேண்டும். ஷிப்டுக்கு ஓட்டிச் சம்பாதிக்க நினைப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மனைவி போட்ட கணக்கு

நம் கதைக்கு வருவோம். மனைவி ஒரு நோட்டை எடுத்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதினார். (இவை உதாரணத் தொகைகள். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.)

வேன் விலை: 1,20,000 ரூபாய்
பழைய என்ஜின்: 70,000
இறக்கி ஏற்றும் கூலி: 15,000
பெல்ட், கேஸ்கட், ஆயில், கிளட்ச்: 25,000
டயர், பேட்டரி: 20,000
கட்டி இழுத்து வரும் செலவு: 4,000
ஆர்.சி., பெயர் மாற்றம்: 6,000
20 நாள் வண்டி பட்டறையில் நிற்கும் நஷ்டம்: 20,000

மொத்தம் 2,80,000 ரூபாய்!

ஓடுகிற வண்டியின் விலையும் அதேதான்!

கணவர் திகைத்துப் போனார். "பாதி விலை" எங்கே போயிற்று? அடகு வட்டியை இன்னும் சேர்க்கவே இல்லை!

அப்படியானால் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஓடுகிற வண்டியின் விலை 2,80,000. அதில் செலவு 1,60,000-ஐக் கழியுங்கள். திறந்த பிறகு தெரியும் குறைகளுக்காக, அந்தச் செலவில் கால் பங்கு 40,000-ஐயும் கழியுங்கள். மீதி 80,000. அதுதான் நீங்கள் கொடுக்கக் கூடிய விலை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை!

அந்த விலைக்குக் கிடைத்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. துரு இல்லையா?

2. என்ஜின் போன காரணம் தெரிந்ததா?

3. காகிதங்கள் சுத்தமா?

4. வண்டி ஒரு மாதம் நின்றாலும், வீட்டில் அடுப்பு எரியுமா?

நான்குக்கும் "ஆம்" என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் விட்டு விடுங்கள். நான்காவது கேள்விதான் முக்கியம். கையில் வேறு வருமானம் உள்ளவருக்கு இது லாபமான வண்டியாக அமையலாம். சங்கிலியை அடகு வைத்து வாங்குகிறவருக்கு, அதே வண்டி பாரம்!

மறுநாள் கணவர் போய் 80,000 ரூபாய்க்குக் கேட்டார். விற்பவர் சிரித்தார். "வேறு ஆள் பார்த்துக் கொள்கிறேன்" என்றார்.

வீடு திரும்பிய கணவர் சற்று வாட்டத்துடன் உட்கார்ந்தார்.

மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். "வேன் போனால் இன்னொரு வேன் வருங்க. மாதாமாதம் கொஞ்சம் சேர்ப்போம். ஓடுகிற வண்டியாகவே வாங்குவோம்" என்றார்.

சங்கிலி பெட்டியிலேயே இருந்தது.