உப்புக்காற்றில் இசைத்தட்டு: கழுவும் கருவி வாங்குவோர் அறிய வேண்டிய இடர்களும் உரிமைகளும்

பேச்சில் ரெக்கார்டு என்றும் எழுத்தில் இசைத்தட்டு என்றும் வழங்கும் பொருளை வீட்டிலேயே கழுவுவதற்கான கருவிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் வறண்ட குளிர்நாட்டு வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. தூசியை இழுத்து ஒட்டவைக்கும் நிலைமின்சாரமே தட்டின் முதற்பகை என்பது அவற்றின் கூற்று. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை ஒட்டியிருக்கும் மீனவக் குப்பங்களில் நிலைமை வேறு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய ஊர்களில் ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் இருப்பதால் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் நிலைமின்சாரம் நெடுநேரம் தங்குவதில்லை. உப்பும் பூஞ்சையுமே அங்கே தட்டைக் கெடுப்பவை. ஆகவே ஒரு கருவி எவ்வளவு நன்றாகக் கழுவுகிறது என்பதைவிட, கழுவிய நீரைத் தட்டிலிருந்து எவ்வளவு முழுமையாக அகற்றுகிறது என்பதே இவ்வூர்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாவது கேள்வி ரசீதைப் பற்றியது, அது பின்னர்.

கடலோர ஊர்களில் இசைத்தட்டு என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், சந்தனக்கூடு, கல்யாணம் என எந்த விசேஷமானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்ட சவுண்டு சர்வீஸ்காரர்களின் மரப்பெட்டிகளில்தான் தட்டுகள் ஊர் ஊராகச் சுற்றின. அத்தகைய பெட்டி ஒன்று இன்று கையில் கிடைத்தால் அதில் இருவகைத் தட்டுகள் கலந்திருக்க வாய்ப்புண்டு. 1930களில் மவுண்ட் ரோட்டுச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டவையும், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1960களிலும் அச்சாகி வந்தவையுமான, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள் ஒருவகை. இவை அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் அரக்கோடு கற்பொடி கலந்து செய்யப்பட்டவை, கனமானவை, கைதவறினால் ஓடுபோல் உடைபவை. மற்றது வினைல் எனப்படும் நெகிழித் தட்டு. எச்எம்வி, இன்ரிகோ, எக்கோ முதலிய முத்திரைகளோடு 1980கள் வரை வந்த திரைப்பாடல் தட்டுகள் இவ்வகையின. நாகூர் ஹனிபாவின் பாடல்கள் ஒரே பெட்டியில் இருவகையாகவும் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறியாமல் கருவி வாங்குவதே முதல் இடர். கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் கலந்திருக்கும். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். தச்சர் மரத்துக்குப் பூசும் பாலிஷ், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் என்பதை நினைத்தால் இதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வினைல் தட்டை மெருகேற்றும் அதே திரவம் 78 சுற்றுத் தட்டின் பாட்டையே அழித்துவிடும்.

தட்டின் மேல் காணும் வரிகள், ஒலி பொறிக்கப்பட்ட ஒரே நீண்ட பள்ளத்தின் சுற்றுகள். நெடுநேரம் ஓடும் வினைல் தட்டில் அப்பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், தலைமுடி ஒன்று அதில் படுத்தால் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அவ்வளவு நுண்ணிய பள்ளத்தில் நீர் காய்ந்தால், நீரில் கரைந்திருந்தவை அனைத்தும் அங்கேயே படிகமாகத் தங்கும். முள் அவற்றின் மேல் ஏறி இறங்கும்போது எழுவதே பொரிபொரிப்பு. அடிபம்பு நீரிலேயே உப்புக் கரிக்கும் ஊரில் அந்நீரைக் கொண்டு தட்டைக் கழுவுவது, மீனைக் கருவாடாக்கும் முறையைப் பாட்டுக்கும் செய்வதாகும். கேனில் வரும் குடிநீரிலும் ஓரளவு உப்பு இருக்கும். எனவே உப்பு நீக்கப்பட்ட வடிநீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் டிஸ்டில்டு வாட்டர், கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டிய நிலையான செலவு. ஒரு தட்டுக்குக் குறைந்த நீரைப் பயன்படுத்தும் கருவியும், தொட்டி நிறைய நீர் கேட்கும் கருவியும் ஆண்டுக்கணக்கில் ஒரே விலையில் முடிவதில்லை.

இன்று விற்பனையில் உள்ளவற்றை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது கைத்தொட்டி: ஸ்பின்கிளீன், நாஸ்டி முதலிய முத்திரைகளில் வருவது, மின்சாரம் வேண்டாதது, இரு தூரிகைகளுக்கிடையே தட்டை நிறுத்திக் கையால் சுழற்ற வேண்டும். விலை குறைவு என்பது இதன் நன்மை. ஆனால் ஒரே நீரில் பல தட்டுகளைக் கழுவுவதால் முதல் தட்டின் பூஞ்சை பத்தாவது தட்டுக்குப் போய்ச் சேரும் என்பதும், நீர் தானாகவே காய வேண்டியிருப்பதும் குறைகள். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் துவைத்த துணியே நாள் முழுதும் காயாத ஊரில் இரண்டாவது குறை பெரிது. இரண்டாவது உறிஞ்சு வகை: பிரிட்டனில் பெர்சி வில்சன் என்பவரின் வடிவமைப்பை அடியொற்றிக் கீத் மாங்ஸ் 1960களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி இதன் முன்னோடி, இன்று ஆக்கி நாக்கி, புரோஜெக்ட் முதலிய முத்திரைகளில் வருபவை இதன் எளிய வழித்தோன்றல்கள். சுழலும் தட்டின் மேல் திரவத்தை ஊற்றித் தூரிகையால் பரப்பியபின், குழல் ஒன்று அழுக்கோடு நீரையும் உறிஞ்சிவிடும். சில சுற்றுகளில் தட்டு உலர்ந்துவிடும். மூன்றாவது மீயொலி வகை: காதுக்குக் கேட்காத, பெரும்பாலும் விநாடிக்கு 40,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியால் நீரில் நுண்குமிழ்களை எழுப்பி, அவை உடையும் விசையால் பள்ளத்தின் அடிவரை கழுவுவது. நெடுநேரம் இயங்கினால் இதன் நீர் சூடேறும்; வினைல் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வளையக்கூடியது என்பதால் வெப்பத்தைக் காட்டவோ நிறுத்தவோ ஏற்பாடு இல்லாத மலிவுக் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. மூக்குக்கண்ணாடியும் நகையும் கழுவும் தொட்டியில் தட்டு நிறுத்தும் கம்பி ஒன்றைப் பொருத்தி விற்பதும் உண்டு.

பழவேற்காட்டுச் சூழலுக்கு உறிஞ்சு வகையே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கணிப்பு. ஆனால் அதுவும் ஐம்பது அறுபது தட்டுகளுக்கு மேல் வைத்திருப்பவருக்கே. அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் மென்மையான துணி, வடிநீர், துளி சோப்புத் திரவம் ஆகியவற்றைக் கொண்டு நடுவிலுள்ள காகித முத்திரை நனையாமல் கழுவி, வடிநீரிலேயே இருமுறை அலசி, உடனே துடைத்தெடுத்தால் போதும்; கருவி விற்பவர் எவரும் இதைச் சொல்வதில்லை. வாங்குவதென முடிவு செய்தால், 12 அங்குலத் தட்டை மட்டுமின்றி, 78 சுற்றுத் தட்டுகளின் 10 அங்குல அளவையும் சிறுதட்டுகளின் 7 அங்குல அளவையும் உறிஞ்சுகுழல் ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். குழலின் வாயில் ஒட்டியுள்ள வெல்வெட்டுப் பட்டை மாற்றத்தக்கதா, தனியே கிடைக்குமா என்பதும் கேட்கத்தக்கது. மணற்பொடி சிக்கிய பட்டை, தட்டைத் துடைப்பதில்லை, அறுக்கிறது.

உடலுக்கும் வீட்டுக்கும் நேரும் இடர்களில் தலையானது ஐசோபுரோபைல் ஆல்கஹால் எனும் திரவம். நம் ஊர் வெயிலில் சாதாரண வெப்பநிலையிலேயே இது தீப்பற்றும் ஆவியை வெளியிடும். அடுப்பங்கரையிலோ, விளக்கெரியும் சாமி மாடத்தின் அருகிலோ, ஜன்னல் அடைத்த அறையிலோ இதைக் கையாளக் கூடாது. மீயொலித் தொட்டியில் இதை மிகுதியாகக் கலப்பது தீயை வலிந்து அழைப்பது. பூஞ்சை படிந்த தட்டுகளை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, மற்றவற்றோடு கலக்காமல் தனியே கழுவ வேண்டும்; பழைய காகித உறையே பூஞ்சையின் விளைநிலம் என்பதால் கழுவிய தட்டை அதே உறையில் திரும்ப இடுவது வேலையை வீணாக்கும். நீரும் மின்சாரமும் ஒரே மேசையில் சேரும் கருவி என்பதால், நில இணைப்பு உள்ள மூன்றுமுனைச் செருகியும், மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபியும் இன்றி அதை இயக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் கவனிக்க வேண்டியது மற்றொன்று: இந்திய வீடுகளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அமெரிக்க வீடுகளுக்கான கருவி அதில் பாதி வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் செய்யப்பட்டது, மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் சிலவகை மோட்டார்களின் சுழற்சி வேகம் மாறிவிடும்.

இனி ரசீது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ரசீது தராமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறையாக வகுத்துள்ளது; பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அல்லது காலம் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ஆகவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்ற அச்சுவரி, பழுதுள்ள கருவியைப் பொறுத்தவரை விற்றவரைக் காப்பாற்றுவதில்லை. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கிலோ வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் எனினும், தானே உழைத்துப் பிழைக்கும் சுயதொழிலுக்காக மட்டும் வாங்குபவருக்குச் சட்டம் விலக்கு அளிப்பதால், பிறர் தட்டுகளைக் கூலிக்குக் கழுவித் தர நினைக்கும் ஒற்றை ஆள் சவுண்டு சர்வீஸ்காரரும் அதன் நிழலில் வருவார். உத்தரவாத அட்டையில் துரு, ஈரம், கடலோரப் பயன்பாடு ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்று வாங்குமுன் பார்ப்பது, மற்ற ஊர்க்காரரைவிடக் குப்பத்துக்காரருக்கு இன்றியமையாதது. உறிஞ்சு மோட்டார் உப்புக்காற்றையும் சேர்த்தே இழுக்கிறது.

இணையவழி விற்பனைக்கென 2020இல் வந்த விதிகளின்படி, பொருள் எந்த நாட்டில் உருவானது என்பது காட்டப்பட வேண்டும்; புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. அப்பெயர் இல்லாத பெட்டியை வாங்குபவர், பழுது நேரும்போது யாருக்கு அறிவிப்பு அனுப்புவது என்று தெரியாமல் நிற்க நேரும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரே வரவழைக்கும்போது இறக்குமதியாளர் வாங்குபவரே ஆகிவிடுகிறார். சுங்கவரியும் திருப்பியனுப்பும் செலவும் அவர் தலையில் விழும். சட்டத்தில் உரிமை இருந்தாலும் அதை நிறைவேற்றிப் பெறுவது கடினம்.

தீர்வு தேடும் வழியில் முதற்படி விற்றவருக்கு எழுத்தில் அனுப்பும் புகார். அடுத்தது 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையம், இங்குத் தமிழிலும் பேசலாம். அதன் பின்னரே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடலாம் என்பதால், கருவி மும்பையிலிருந்து வந்திருந்தாலும் பழவேற்காட்டுக்காரர் திருவள்ளூர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு சேர வேண்டும். பொருளை ஆய்வுக்கு அனுப்ப வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும், ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம் என்று எண்ணி இறங்குவது நலம்.

கருவி பழுதாவது ஒன்று. கருவியால் தட்டு பாழாவது வேறொன்று. பின்னதைப் பொருட்பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தில் சட்டம் பேசுகிறது. விற்ற பொருளைத் தவிர்த்த பிற உடைமைக்கு நேரும் சேதத்துக்கும் இழப்பீடு கோரலாம் என்பதால், பட்டை கீறிய தட்டும் கணக்கில் வரும். அரக்குத் தட்டுக்கு உதவாத திரவத்தை எச்சரிக்கையின்றி விற்றவர், போதிய அறிவுறுத்தல் தராததற்குப் பொறுப்பாவார்; எச்சரிக்கை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும் அதை மீறிப் பயன்படுத்தியவருக்கு அவ்வழி அடைபட்டுவிடும். உற்பத்தியாளர் யாரென அறிய முடியாதபோதோ அவரிடம் அறிவிப்பைச் சேர்ப்பிக்க இயலாதபோதோ விற்றவரே பொறுப்பேற்க நேரிடும்.

இவ்வழக்குகளில் சிக்கல் எப்போதும் ஒன்றே: தட்டு முன்பு நன்றாக இருந்தது என்பதை மெய்ப்பிப்பது. அதற்காக, கருவியைப் பிரிக்கும்போதே பெட்டியையும் முத்திரையையும் படமெடுப்பதோடு, முதலில் கழுவவிருக்கும் தட்டின் இருபுறத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் பிடித்து, ஒருமுறை ஓடவிட்டு அதன் ஒலியைப் பதிந்து வைக்க வேண்டும். ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால் 1980களின் தட்டுகளுக்கு அது இன்னும் உயிரோடிருக்கிறது. எனினும் தனிப் பயன்பாட்டுக்கான நேர்மையான கையாளுகையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்பதிவை இணையத்தில் ஏற்றுவது வேறு செயல், அதற்கு அனுமதி வேண்டும். முதற் கழுவலுக்கு, பெட்டியிலேயே மிகவும் தேய்ந்த, யாருக்கும் வேண்டாத தட்டைத் தேர்ந்துகொள்வது வழக்குக்கும் முந்திய பாதுகாப்பு.