லோடு வண்டியின் முன்சக்கரம் ஏன் கொதிக்கிறது?

மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு கொண்டுவர நம்மில் பலர் சொந்தமாகச் சிறிய லோடு வண்டி வைத்திருக்கிறோம். 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு நடுத்தர மளிகைக் கடைக்காரருக்கும் இது கைக்கெட்டும் பொருளாயிற்று. டீசல் கணக்கை நாள்தோறும் பார்க்கும் நாம், அந்த டீசலைத் தின்னும் ஒரு கோளாறை மட்டும் கண்டுகொள்வதில்லை. முன்சக்கரத்து பிரேக், பிடித்த பிடியை விடாமல் இருப்பதுதான் அது.

இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகளைத் தாங்கி நிற்பது காலிப்பர். அதன் ஒரு புறத்தில்தான் பிஸ்டன் உண்டு. பெடலை மிதித்தால் பிஸ்டன் உட்புறப் பேடைத் தள்ளும். உடனே காலிப்பர் இரண்டு ஸ்லைடர் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்புறப் பேடையும் டிஸ்க்கோடு சேர்க்கும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அதை இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இந்த இம்மியளவு நகர்வு தடைபட்டால் பேடு உரசிக்கொண்டே ஓடும்.

ஸ்லைடர் பின்னின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுவதுதான் பெரும்பாலும் தொடக்கம். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளப் பாதைகளில் ஓடும் வண்டிகள் இன்னும் சீக்கிரம் துருவேறும். உப்பு ஏற்றி வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, கருகல் வாடை வருகிறது, மைலேஜ் குறைகிறது என்று டிரைவர் சொன்னால், "இன்னும் ரெண்டு லோடு முடியட்டும்" என்று தள்ளிப்போடக் கூடாது. உரசும் பேடின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டைகளோடு இறங்கும்போது இது நேர்ந்தால் டிரைவரின் நிலை என்ன?

சோதிப்பது எளிது. ஓட்டி வந்ததும் இரு முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனாலே (தொடக்கூடாது) சூட்டின் வேறுபாடு தெரியும். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சூடான சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே சுழன்றால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஓஸின் உட்புறம் உப்பி அடைத்திருக்கும். அப்போதும் இறுக்கம் விடாவிட்டால் குறை பிஸ்டனிலோ ஸ்லைடர் பின்னிலோதான். இது தெரியாமல் புதுக் காலிப்பர் வாங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. உட்புறப் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடர் பின்னைத்தான் பார்க்க வேண்டும்.

பின் மட்டும் இறுகியிருந்தால் துருவைத் துடைத்து, உறையை மாற்றி, பிரேக்குக்கென உள்ள சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும். பத்து நாளில் பழைய கதைதான். பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் சீல் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, பிஸ்டனையும் மாற்ற வேண்டும். பேடுகளை இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுவது முறை. பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும்.

சில பட்டறைகளில், அவசரத்துக்கு என்று, கோளாறான சக்கரத்துக்குப் போகும் குழாயை அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முன்சக்கரம் மட்டும் பிடித்தால் சரக்கோடு வண்டி திரும்பிவிடும்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிறகு காலி வண்டியாக ஒரு சுற்று ஓட்டி வந்து, இரு சக்கரமும் ஒரே சூடாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பட்டறைக்காரருக்குக் கூலி கொடுங்கள்.