மின்சிகரெட்டும் ஐந்து வோல்ட் மின்சாரமும்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, 2009 ஜனவரி முதல் 2016 டிசம்பர் வரை அந்நாட்டுச் செய்தி ஏடுகளிலும் ஊடகங்களிலும் இடம்பெற்ற மின்சிகரெட் வெடிவிபத்துகளையும் தீவிபத்துகளையும் தொகுத்து, அவை 195 என்று கணக்கிட்டது. அவற்றுள் 48 விபத்துகள், அந்தச் சாதனம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்தவை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை யாவற்றையும் தடைசெய்திருக்கிறது; நிகோடினால் உடலுக்கு விளையும் தீங்கோ தனியே விசாரிக்க வேண்டிய விஷயம். ஆயினும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் லட்சக்கணக்கானோர் தினந்தோறும் இதை யூ.எஸ்.பி. கேபிள் வழியே கணினியிலோ சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டிலோ சொருகி வைக்கிறார்கள். அந்த ஒரு காரியத்திலேனும் அவர்களுக்கு அபாயம் நேராதிருக்க வேண்டுமானால், மின்சாரம் எங்கிருந்து, எவ்வளவு, எதன் வழியாக வருகிறது என்னும் மூன்றையும் அறிந்திருப்பது அவசியம்.

1996ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. முறை வகுக்கப்பட்டபோது, அதன் முக்கிய நோக்கம் விசைப்பலகை, மவுஸ், பிரின்டர் போன்றவற்றைக் கணினியோடு இணைப்பதே ஆகும். மின்சாரம் வழங்குவது அதற்கு உபகாரமான ஒரு பணியாகவே சேர்ந்தது. ஆகையால் சாதாரணக் கணினியின் யூ.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே கொடுக்கக் கடமைப்பட்டது. மூன்றாம் தலைமுறைத் துளையும் 900 மில்லி ஆம்பியருக்கே பொறுப்பேற்கிறது. சுவரில் மாட்டும் அடாப்டர்களோ ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்றும் அதற்கு மேலும் தரவல்லவை.

இரண்டு ஆம்பியர் அடாப்டரில் மாட்டினால், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் அத்தனை மின்சாரமும் சாதனத்துக்குள் பாய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். ஏரியில் நீர் எவ்வளவு பரந்து கிடந்தாலும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவே வாய்க்காலில் ஓடுவதைப் போல, வோல்ட் அளவு மாறாதிருக்கும்வரை சாதனம் இழுக்கும் மின்னோட்டமே அடாப்டரிலிருந்து வெளிப்படும். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண் அதனுடைய சக்தியின் எல்லையைக் குறிப்பதேயன்றி, அது வலிந்து திணிக்கும் அளவைக் குறிப்பதன்று. எனவே சாதனம் கேட்பது எவ்வளவு என்பதே முதற்கேள்வி.

மின்கலமே இல்லாமல், கேபிளிலிருந்து வரும் மின்சாரத்தை நேராகச் சூட்டுக் கம்பிச் சுருளுக்குச் செலுத்தும் மின்சிகரெட் வகை ஒன்று உண்டு. அதன் சுருளுடைய தடை இரண்டரை ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 5 வோல்ட்டை இரண்டரையால் வகுத்தால் இரண்டு ஆம்பியர், அதாவது பத்து வாட் வருகிறது. கணினித் துளை ஏற்கும் பொறுப்பைப்போல் இது நான்கு மடங்கு! நல்ல கணினியானால் அதன் காப்புச் சுற்று அந்தத் துளையை உடனே நிறுத்திவிடும். காப்பு குறைந்த கணினியானால் துளையோடு தாய்ப்பலகைக்கும் சேதம் நேரலாம். இவ்வகைச் சாதனத்துக்கு ஏற்றது இரண்டு ஆம்பியருக்குக் குறையாத, தரமான சுவர் அடாப்டரேயாகும்.

மின்கலமுள்ள வகையில் அபாயத்தின் இயல்பே வேறு. அதனுள் இருக்கும் லித்தியம் அயான் செல் வழக்கமாக 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாதது. வருவதோ 5 வோல்ட். அதைத் தணித்து, மின்னோட்டத்தையும் அளவாக்கி, செல் நிரம்பியதும் நிறுத்திவிடும் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்று நடுவே இருந்தே தீரவேண்டும். சில சாதனங்களில் அது உள்ளேயே அமைந்திருக்கிறது. பேனாவைப் போன்ற மெல்லிய வகைகள் பலவற்றிலோ, மின்கலத்தைத் திருகி மாட்டும் அந்தச் சிறு சார்ஜர் முனையிலேயே அடங்கியிருக்கிறது. அம்முனையின் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அவுட்புட் 4.2 வோல்ட், 420 மில்லி ஆம்பியர்’ என்பது போன்ற வாசகத்தைக் காணலாம். அதே திருகும் அதே உருவமும் கொண்டு, கட்டுப்பாட்டுச் சுற்று மட்டும் இல்லாத வேறொரு முனையில் இந்த மின்கலத்தைப் பொருத்திவிட்டால், 5 வோல்ட் நேரே செல்லுக்குள் இறங்குகிறது. அளவு மீறியதும் லித்தியம் உலோகமாகப் படிகிறது, உள்வெப்பம் பெருகுகிறது, எளிதில் தீப்பற்றும் கரைசல் ஆவியாகி அழுத்தம் ஏறுகிறது. நீண்ட உலோகக் குழாயினுள் இந்த அழுத்தம் முனை வழியாகவே வெளியேற முயல்வதால், சாதனம் எரிந்துகொண்டே பாணம்போல் பாயவும் கூடும். கணினியில் மாட்டினாலும் சுவரில் மாட்டினாலும் இந்த அனர்த்தத்துக்கு வித்தியாசமில்லை.

சுவர் அடாப்டரிலும் ஒரு பரீட்சை உண்டு. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் கையில் தொடும் 5 வோல்ட் பகுதிக்கும் இடையே நம்பத்தகுந்த தடுப்பு வேண்டும். மலிவான போலிகளில் அந்த இடைவெளியைக் குறைத்துவிடுகிறார்கள். ஆதலால் தர முத்திரையும் உற்பத்தியாளர் பெயரும் இல்லாத அடாப்டரை வாங்கலாகாது. 9 வோல்ட், 20 வோல்ட் என்று உயரவல்ல நவீன விரைவு சார்ஜர்கள், சாதனம் முறைப்படி கேட்டாலன்றி 5 வோல்ட்டிலேயே நிற்கும்படி வகுக்கப்பட்டவை. எனினும் கட்டுப்பாட்டுச் சுற்று உள்ளதா என்று தெரியாத மின்சிகரெட்டை அவற்றோடு இணைக்காதிருப்பதே விவேகம்.

ஆகவே சாதனத்தோடு வந்த கேபிளையும் சார்ஜர் முனையையும் தவிர வேறெதையும் பிரயோகிக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது மெத்தையின்மேல் வைக்காமல், எளிதில் தீப்பற்றாத தளத்தில் கண்பார்வையில் வைக்க வேண்டும். உறங்கப் போகுமுன் கழற்றிவிட வேண்டும். நசுங்கிய அல்லது நனைந்த மின்கலத்தை மறுபடி சார்ஜ் செய்யலாகாது. கையில் தாங்க முடியாத சூடோ வீக்கமோ தென்பட்டால், சாதனத்தைத் தொடாமல் முதலில் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள், இச்சாதனத்தைச் சரக்கறைப் பெட்டியில் வைப்பதையும் விமானத்துள் சார்ஜ் செய்வதையும் தடுத்திருப்பதும் இந்த முன்யோசனையாலேயே.

உபயோகிப்போரின் ஜாக்கிரதை மட்டும் போதாது. உருவத்தில் ஒன்றாகவும் உள்ளமைப்பில் வேறாகவும் இருக்கும் இரு முனைகளை ஒரே கடையில் விற்பது, தவறு நேர்வதற்கென்றே வழிசெய்வதாகும். கட்டுப்பாட்டுச் சுற்றைச் சாதனத்துக்குள்ளேயே அமைப்பதைத் தயாரிப்பாளர்கள் தமது கடமையாகக் கொள்ள வேண்டும். மின்சிகரெட்டின் மின்கலம், சூட்டுப் பகுதி, சார்ஜ் அமைப்பு ஆகியவற்றைச் சோதிக்க யூ.எல். 8139 என்னும் தரநிர்ணயம் அமெரிக்காவில் இருக்கவே செய்கிறது. இதன் விற்பனையை அனுமதிக்கும் நாடுகள், அத்தகைய சோதனையில் தேறாத எதையும் கடைக்கு வரவிடாதிருப்பதே மக்களுக்குச் செய்யும் மெய்யான பாதுகாப்பு.