சொன்னதை எழுதி வாங்குங்கள்: கடலோரத்தில் வீடு கட்டுவோருக்கு

கடியப்பட்டணத்திலும் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் எழும்பும் வீடுகளில் பல, ஆழ்கடலிலோ வளைகுடா நாடுகளிலோ உழைத்துச் சேர்த்த காசில் கட்டப்படுபவை. வேலை நடக்கும் மாதங்களில் சம்பாதித்தவர் ஊரில் இருப்பதில்லை. மனைவியோ அப்பாவோ அண்ணனோதான் மேற்பார்வை. "நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம் அக்கா, எங்க வீடு மாதிரி பாத்துக் கெட்டி, சாவிய கையில தாறேன்" என்று காண்ட்ராக்டர் சொல்லும்போது, அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

வழி இருக்கிறது. விற்பவர் எது சொன்னாலும் அதை ஓர் எண்ணாகவோ பெயராகவோ தேதியாகவோ மாற்றி, தாளில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். "நல்ல கம்பி" என்பதை யாராலும் அளக்க முடியாது. "12 மி.மீ., எஃப்.இ. 500டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை" என்பதைக் கடைக்காரரும் பொறியாளரும் நீதிமன்றமும் அளக்கலாம். எழுதித் தர மறுக்கும் வாக்குறுதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

மனை வாங்கும்போது

"பஞ்சாயத்து அப்ரூவல் உள்ள மனை" என்று விளம்பரம் வந்தால் நின்று யோசியுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறையின் கீழ் வருகிறது. ஊராட்சியின் முத்திரை மட்டும் போதாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதன் பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அவையும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்கானவை. ஒப்புதல் எண்ணையும் வரைபட நகலையும் கேளுங்கள். வயலை நிரப்பி மனையாக்கிய வஸ்து என்றால் நில வகைமாற்ற உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள்.

மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு மேல் இருந்தாலோ, அடுக்குமாடியில் 8 வீடுகளுக்கு மேல் இருந்தாலோ, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெராவில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் ஒப்புதல், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் தெரியும்.

"கடல் பார்த்த மனை, வீடு கட்டத் தடையில்லை" என்பது கடலோரத்துக்கே உரிய வாக்குறுதி. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். வள்ளியாறு கடலில் சேரும் கழிமுகம் போன்ற, அலையேற்றம் எட்டும் நீர்நிலைகளின் கரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2011 அறிவிக்கை ஊரகக் கடலோரத்தில் முதல் 200 மீட்டரை வளர்ச்சித் தடைப் பகுதி என்றது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைக்க இடம் தந்தது. உங்கள் மனை எந்த வகை என்பதை ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடம்தான் சொல்லும், தரகர் சொல்ல முடியாது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

குமரி மாவட்டத்தின் பழைய ஆவணங்களில் திருவிதாங்கூர்க் கால சர்வே எண் இருக்கலாம். அது இன்றைய ரீசர்வே எண்ணோடும், பட்டாவோடும், புலப்படத்தோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்று சொன்னால் அளந்து பார்க்கையில் 2,178 சதுர அடி நிற்க வேண்டும்.

"சதுர அடிக்கு இவ்வளவுதான்"

சொந்த வஸ்துவில் வீடு கட்டுபவர்களுக்கு வரும் முதல் வலை இந்த விலை. பக்கத்து காண்ட்ராக்டரைவிட ஒருவர் நூறு ரூபாய் குறைத்துச் சொன்னால் மனம் அங்கே சாயும். ஆனால் எந்தச் சதுர அடி? சிட்-அவுட், கார் போர்ச், சன்ஷேடு, மாடிப்படிக் கூடு இவற்றை முழுப் பரப்பாகக் கணக்கிடுகிறாரா, பாதியாகவா? செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், பேஸ்மென்ட் நிரப்பும் மண், கரண்ட் இணைப்புச் செலவு இவை உள்ளே அடக்கமா, வெளியேயா? விலை குறைந்த கொட்டேஷன் பல நேரம் இவற்றை வெளியே வைத்திருக்கும். பாதி வீடு எழும்பிய பிறகு "அது எக்ஸ்ட்ரா" என்று வரும். அப்போது வேறு ஆளைத் தேட முடியாது.

அதனால் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் மூவருக்கும் கொடுத்து விலை கேளுங்கள். இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது. கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் தொடங்கும் முன் விலையை எழுதிக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

"பிளான் அப்ரூவல் எல்லாம் பின்னால பாத்துக்கலாம்" என்பதற்கு மயங்காதீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் அது நீங்கள் தரும் உறுதிமொழியின் பேரில் கிடைப்பது. கடலோர மண்டலத்தையோ மனையின் நிலையையோ மறைத்து யாராவது விண்ணப்பித்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

"முதல் தரம்", "உப்புக்காற்று தாங்கும்"

தென்மேற்குக் காற்று உப்பை அள்ளிச் சுவரில் அடிக்கும் ஊர் இது. உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்தால் கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். பூச்சும் பெயின்ட்டும் இதை மறைக்கும், தடுக்காது. கடலோர வீட்டுக்கு மூன்று எண்கள் முக்கியம். அவை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதியில் இருக்கின்றன.

முதல் எண் கான்கிரீட்டின் தரம். கடல்காற்றுக்கு நேராக நிற்கும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 வேண்டும். காற்றிலிருந்து மறைவான பகுதிகளுக்கு எம் 25. "ஒண்ணுக்கு ஒண்ணரை, மூணு" என்று பல இடங்களில் கலக்கும் சிமென்ட், மணல், ஜல்லி விகிதம் எம் 20-க்கானது. அதைப் போட்டுவிட்டு முதல் தரம் என்றால், இந்தக் கரையில் அது தவறான வாக்கு.

இரண்டாவது, கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனம். கவர் என்று மேஸ்திரிகள் சொல்வது இதைத்தான். கடற்காற்று நேரே படும் இடத்தில் 45 மி.மீ., மறைவான இடத்தில் 30 மி.மீ. வேண்டும், எம் 35 அல்லது அதற்கு மேல் போட்டால் அந்த 45-இல் 5 மி.மீ. குறைக்கலாம். கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகி வார்ப்புப் போட்டால் கவர் நிற்காது.

மூன்றாவது தண்ணீர். கம்பி கட்டிய கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கடலோரக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்த விடாதீர்கள். நனைக்கும் நீருக்கும் இது பொருந்தும். கடற்கரை மணலைப் பூச்சுக்குக்கூடச் சேர்க்கக் கூடாது. உப்பு ஒரு பக்கம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரை மணலில் கனிமங்கள் இருப்பதால் அதை அள்ளுவது சட்டச் சிக்கலும் ஆகும்.

கம்பியைப் பொறுத்தவரை "துருவே பிடிக்காது" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். அரிப்பைத் தாமதிக்கும் வகைகள் உண்டு, ஆனால் கவரும் கான்கிரீட் தரமும் இல்லாமல் அவையும் தாங்காது. முத்திரையில் உள்ள உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். எடையையும் பாருங்கள்: விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான கிலோ கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ; 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வை விதியே அனுமதிக்கிறது. 10 கிலோவுக்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள்.

"பத்து வருஷம் ஒழுகாது" என்றால், உத்தரவாதம் தருவது கம்பெனியா, பூசுபவரா, எந்த நிபந்தனையில் செல்லாது என்று கேளுங்கள். பில்லும் உத்தரவாதச் சீட்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாகும் சிறு தொகைக்காகச் சாட்சியத்தை இழந்துவிடுவீர்கள்.

பணம், மேற்பார்வை

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், வேலைக் கணக்கில் கொடுங்கள்: வானம் தோண்டி அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, பேஸ்மென்ட் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல், வார்ப்பு, பூச்சு என்று படிப்படியாக. அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். ரெரா சட்டம், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டட நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனி வீட்டுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கடைசித் தொகையில் ஒரு பங்கை, வீடு ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகே தருவதாக எழுதுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் ஒழுகும் கூரையை மழையே காட்டிவிடும்.

காண்ட்ராக்டருக்குத் தொடர்பில்லாத ஒரு பொறியாளரை, கம்பி கட்டிய பின்பும் வார்ப்புக்கு முன்பும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வார்ப்பன்று கலவையிலிருந்து 15 செ.மீ. கட்டிகள் எடுத்து வையுங்கள். 1,000 சதுர அடித் தளத்துக்கு ஆறு கட்டிகள் போதும். 28 நாள் கழித்து, சோதனை வசதியுள்ள பொறியியல் கல்லூரியில் கொடுத்து அழுத்திப் பார்த்தால் எம் 30 வந்ததா என்பது தெரிந்துவிடும். பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் நனைக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர், கம்பி மீதும் கவர் மீதும் டேப் வைத்து எடுத்த படங்களைக் கேட்டு வாங்கலாம்.

ஏமாந்த பிறகு

முதலில் குறையை அப்படியே விடுங்கள். உடைத்துச் சரிசெய்தால் ஆதாரம் போகும். தேதியுடன் படம் எடுத்து, பொறியாளரின் அறிக்கை வாங்கி, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படிச் சான்று இணைத்தால் அது ஆவணமாகும்.

ரெராவில் பதிவாக வேண்டிய திட்டம் என்றால் ரெராவிடம் போகலாம். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்கு 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. விலக விரும்பினால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய 14-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது.

தனி வீட்டுக் காண்ட்ராக்டர் ஏமாற்றினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவை என்பதை லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

"சாவி வாங்கியாச்சு, இனி ஒண்ணும் கேக்க முடியாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். பெங்களூரில் அடுக்குமாடி வாங்கியவர்கள் தாமதத்துக்காகத் தொடுத்த வழக்கில், வீட்டை ஒப்புக்கொண்டதால் மட்டும் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வழிகேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவர்களுக்கு இலவச உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

இவை எல்லாம் கடைசி வழி. வழக்கில் ஜெயித்தாலும் துருப்பிடித்த கம்பியை மாற்றிவிட முடியாது. நேர்மையான காண்ட்ராக்டர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். பட்டியலை எழுதித் தரச் சொன்னால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள், அவர்களுக்கும் அது பாதுகாப்புத்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன், கான்கிரீட் தரம், கவர், தண்ணீர், கம்பி, பரப்பு, முடிக்கும் தேதி ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். போடத் தயங்குகிறவரிடம் வீட்டு வேலையை ஒப்படைக்காதீர்கள்.